தட்டிக்கு அந்தப் பக்கம்
(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு "கிறிஸ்தவமும் ஏனைய உலக சமயங்களும்: ஓர் ஒப்பீடு". தந்த நேரம் இருபத்தைந்து நிமிடம். நம் தலைவி எனக்கு மூன்று வகுப்பு இளையவர். விடுதியில் நான் மொனிற்றராக இருந்து அவரை அதிகாலையில் எழுப்பிவிட்டதற்கு இன்றைக்குத்தான் பழி தீர்க்கிறார் என்று நினைக்கிறேன். இருபத்தைந்து நிமிடத்தில் உலக சமயங்களைச் சுற்றி வர என்னால் ஆகாது. முப்பது வருடம் கிறிஸ்தவ பாடம் படிப்பித்தவள் என்ற முறையிலும், அதைவிட அதிகமாக, சைவப் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து எழும்பியவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் சமயபாட மணி அடித்ததும் நடப்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கிறிஸ்தவப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவோம். சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் மாமரத்தின் கீழே. இரண்டு வகுப்புக்கும் இடையில் சுவர் இல்லை, ஒரு தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் தேவாரம் படிப்பது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் ஞானப்பாட்டுப் படிப்பது அவர்களுக்குக் கேட்கும். கணக்கு, பூமிசாத்திரம், தையல் எல்லாம் ஒன்றாகப் படித்தோம். உயிர் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற ஒன்றை மட்டும் பிரிந்து போய்ப் படித்தோம். பராக்குப் பார்க்கிற பிள்ளைக்கு இரண்டு சமயமும் அரைகுறையாக வந்து சேர்ந்தன. நானும் அப்படிப்பட்ட பிள்ளைதான்.

ஆனால் கேட்டது வேறு, விளங்கியது வேறு. பதினாலு வயதில், கந்தசஷ்டி விரதம் பிடித்துக்கொண்டிருந்த என் பக்கத்துக் கட்டில் தோழியைப் பார்த்து, "கல்லுக்காக ஏன் வயிறு காயிறாய்?" என்று கேட்டேன். அவள் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆறு நாளும் என்னோடு கதைக்கவில்லை. ஏழாம் நாள் பாறணைக்கு வீட்டிலிருந்து வந்த மோதகத்தில் எனக்கும் இரண்டு வைத்திருந்தாள். அந்தக் கேள்வி என் சொந்தக் கற்பனையல்ல. நான் வாசித்த ஒரு பழைய துண்டுப் பிரசுரத்தில் இருந்தது. இன்றைய பேச்சு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

தமிழில் சமயங்களை வரிசையாகக் கேட்டு ஒப்பிட்ட முதல் ஆள் யார் என்றால், ஒரு பெண்பிள்ளை என்பேன். மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதையை எடுத்துப் பாருங்கள். வஞ்சி நகரத்தில் அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய் "உமது கொள்கையைச் சொல்லும்" என்று கேட்கிறாள் மணிமேகலை. அந்த மணிமேகலை வந்து இறங்கிய மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்பது இங்குள்ள மரபு. ஆகவே அவளையும் ஒரு வகையில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை என்று சொல்லலாம். ஒரு விஷயத்தை இந்நாள் மாணவிகள் கவனியுங்கள்: அந்தக் கேள்விகளைக் கேட்க அவள் ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. பெண்ணாகப் போயிருந்தால் பதில் கிடைத்திருக்காதுபோலும்.

அவள் செய்த முறையில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், முதலில் அவரவர் வாயால் அவரவர் கொள்கையைச் சொல்ல விடுகிறாள். இடையில் குறுக்கிடுவது குறைவு. பூதவாதி ஒருவனிடம்தான் சற்றுச் சிரித்துவிடுகிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்ற அவனிடம், அப்படியானால் உன் தாய் தந்தையர் இவர்தான் என்று எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். ரொறன்ரோவில் இருக்கும் என் பேரன் போன வருடம், "அம்மம்மா, நான் ஒரு சமயமும் இல்லை" என்று ரெலிபோனில் சொன்னபோது எனக்குப் பூதவாதியின் ஞாபகம்தான் வந்தது. இவன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தியே தமிழில் அவனுக்கு ஓர் ஆசனம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் குடாநாட்டில் கிறிஸ்தவமும் சைவமும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட விதம் மணிமேகலை காட்டிய விதமல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதே பழியாக இருந்த காலத்தில் அவர்கள் செய்ததை நன்றியோடு நினைக்காமல் நாம் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. ஆனால் சமயத்தை ஒப்பிட்டபோது அவர்கள் பல வேளைகளில் ஒரு குறுக்குவழி எடுத்தார்கள். தங்கள் பக்கத்திலிருந்து மலைப்பிரசங்கத்தை எடுத்து ஒரு தட்டில் வைத்தார்கள். மற்றப் பக்கத்திலிருந்து புராணக் கதையில் மிக விகாரமாகத் தெரிந்த ஒன்றை எடுத்து மறுதட்டில் வைத்தார்கள். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பதில் சொன்னவர் அவர்களுடைய வேதாகமத்தையே கரைத்துக் குடித்திருந்தவர். நல்லூர் ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ்மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். 1848இல் அந்த வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். 1854இல் வந்த 'சைவ தூஷண பரிகாரம்' என்ற நூலில் அவருடைய வாதம் கூர்மையானது. அபிஷேகம், தூபம், தீபம், பலி, பரிசுத்தம், தீட்டு என்று எவற்றைக் காட்டிச் சைவத்தை அஞ்ஞானம் என்றீர்களோ, அவற்றைப் போன்றவையெல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டில் கடவுளே கட்டளையிட்டதாக இருக்கின்றனவே என்றார். அதோடு கிறிஸ்தவரின் கருவிகளையே எடுத்துப் பயன்படுத்தினார்: கோயிலில் பிரசங்கம், வினாவிடைப் புத்தகம், அச்சுக்கூடம், பாலபாடம், பாடசாலை. தட்டிக்கு அந்தப் பக்கம் என் தோழி மனப்பாடம் செய்த சைவ வினாவிடையும் இந்தப் பக்கம் நான் மனப்பாடம் செய்த ஞானோபதேச வினாவிடையும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

தெற்கிலும் இதே கதை. 1873 ஓகஸ்ற் மாதம் பாணந்துறையில், ஆயிரக்கணக்கான சனத்தின் முன்னால், மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவும் இரண்டு நாள் வாதம் செய்தார்கள். ஆன்மா இல்லையென்றால் இங்கே செய்த பாவத்துக்கு அங்கே தண்டனை அனுபவிப்பவன் யார், வேறொருவனல்லவா என்று கேட்டார் போதகர். மனிதரைப் படைத்ததற்காகத் தானே மனம் வருந்தினார் என்று உங்கள் ஆதியாகமம் சொல்லும் கடவுள் எல்லாம் அறிந்தவராவது எப்படி என்று கேட்டார் தேரர். இரண்டும் நல்ல கேள்விகள். இன்றைக்கும் பல்கலைக்கழகங்களில் இவற்றைத்தான் கேட்கிறார்கள். ஆனால் பாணந்துறையில் கேட்டவர்களுக்குப் பதில் தேவைப்படவில்லை, வெற்றிதான் தேவைப்பட்டது. அந்த வாதத்தின் அச்சுப் பிரதியை வாசித்துத்தான் அமெரிக்காவிலிருந்து கேணல் ஒல்கொற்றின் கவனம் இலங்கை மேல் திரும்பியது. 1880இல் வந்து இறங்கினார். பௌத்த பாடசாலைகள் பெருகின. வாதத்தில் வென்றது யார் என்று இன்றைக்கும் தெற்கில் பாடப்புத்தகம் சொல்லும். அந்தக் கேள்விகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.

இந்தச் சண்டைகளுக்குப் பயந்துதான் இப்போது விழா மேடைகளில் எல்லோரும் "எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன" என்று சொல்லி, நான்கு விளக்குத் திரிகளை நான்கு குருமாரைக் கொண்டு ஏற்றிவிட்டுப் போகிறோம். மரியாதையான வார்த்தை, ஆனால் உண்மையல்ல. ஒன்றையே சொல்கின்றன என்றால் ஒன்றையும் நாம் கவனமாகக் கேட்கவில்லை என்றுதான் பொருள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு சமயங்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்; இதில் சற்று நிற்க விரும்புகிறேன்.

பாவம் என்ற சொல். நான் வகுப்பில் "எல்லா மனிதரும் பாவிகள்" என்று படிப்பிப்பேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அதைக் கேட்ட ஒரு சைவப் பிள்ளை, "ரீச்சர், நாங்கள் புண்ணியமும் செய்திருக்கிறோமே" என்று ஒருநாள் கேட்டது. அந்தப் பிள்ளை கேட்டது முற்றிலும் சரி. சைவசித்தாந்தத்தில் பாவமும் புண்ணியமும் இருவினை. இரண்டுக்கும் பயன் உண்டு, இரண்டும் பிறவியில் கட்டும். ஒன்று இரும்பு விலங்கு, மற்றது பொன் விலங்கு. கிறிஸ்தவர் சொல்லும் பாவம் அதுவல்ல. அது ஒரு செயலின் பெயர் என்பதைவிட, கடவுளோடு முறிந்துபோன உறவின் பெயர். அதற்குக் கிட்ட நிற்கும் சைவச் சொல்லைத் தேடினால் பாவம் அல்ல, ஆணவம். செம்பிலே களிம்பு போல உயிரோடு கூடவே இருந்து, 'நான், எனது' என்று அதை இருட்டாக்கி வைத்திருப்பது. இதை விளங்க எனக்கு நாற்பது வயது தாண்டியது. விளங்கிய பிறகு என் பாடக்குறிப்பையே மாற்றி எழுதினேன்.

ஆனால் கிட்ட வந்ததும் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. களிம்பு எப்போது வந்தது? சைவசித்தாந்தம் அதற்குத் தொடக்கம் இல்லை என்கிறது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. கடவுள் உயிரைப் படைக்கவும் இல்லை, உயிரின் அழுக்கைப் படைக்கவும் இல்லை. அதைக் கழுவவே உலகைத் தருகிறார். கிறிஸ்தவம், யூதம், இஸ்லாம் மூன்றும் அப்படிச் சொல்ல முடியாதவை. அவற்றில் எல்லாம் ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுளால் வந்தவை. அவர் ஒருவரே அநாதி. ஆகையால் தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவர் வாசலிலேயே போய் நிற்கிறது. யோபுவின் புத்தகம் முழுவதும் அந்தக் கேள்விதான். கடைசியில் கடவுள் பேசுகிறார், ஆனால் காரணம் சொல்லவில்லை. பௌத்தம் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை: படைத்தவர் என்று ஒருவரை வைத்துத் தொடங்காமல் துக்கத்தை வைத்துத் தொடங்குகிறது. காயம் பட்டிருக்கிறது, முதலில் அம்பை எடு என்கிறது. எந்தச் சமயத்துக்கு இந்த இடத்தில் விடை இலகு என்று கேட்டால், கிறிஸ்தவத்துக்கு மிகக் கடினம் என்று நான் ஒளிக்காமல் சொல்வேன்.

அருள் என்பதிலோ நாங்கள் நினைத்ததைவிட நெருக்கம் அதிகம். கத்தோலிக்கர் அருள் என்பார்கள், நாங்கள் கிருபை என்போம், சைவர் திருவருள் என்பார்கள். உயிர் தானாக ஏறிப் போகாது, அவர் இறங்கி வர வேண்டும் என்பதில் மூவருக்கும் பேச்சில்லை. போப் ஐயர் எண்பது வயதில், 1900இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்நாட்டில் மிஷனரியாக வாழ்ந்த அவரை இந்த வயதில் அந்த நூலோடு உட்கார வைத்தது எது என்று நான் யோசிப்பதுண்டு. வேறொருவர் வீட்டுக்குள் தன் வீட்டின் மணத்தை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியது என்ன? சிலுவை என்று நான் சொல்வேன். அவதாரம் என்று பலர் சொல்வார்கள். அவதாரம் வைணவத்தில் உண்டு, பல முறை உண்டு. சைவசித்தாந்தம் சிவன் கருவில் பிறப்பதில்லை என்பதில் உறுதியாக நிற்கிறது. ஆகவே "எங்கள் இயேசு உங்கள் அவதாரம்போல" என்று சைவரிடம் சொல்பவர் இரண்டு பேரையும் அறியாதவர். சிலுவையைப் பற்றி வகுப்பில் சொன்னபோது இன்னொரு சைவப் பிள்ளை, "எங்கட சுவாமியும் அடி வாங்கினவர்தானே, பிட்டுக்கு மண் சுமந்து" என்றது. எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது. மதுரையில் கூலியாளாய் வந்து, கிழவியின் உதிர்ந்த பிட்டுக்காகக் கூடை சுமந்து, பாண்டியனின் பிரம்படியை முதுகில் வாங்கிய கடவுள். அந்த அடி உலகத்து உயிர் எல்லாவற்றின் மேலும் விழுந்தது என்று முடியும் அந்தக் கதை. அதைவிட அழகாகச் சொல்ல எங்களால் ஆகாது. ஆனால் அதன் பெயர் திருவிளையாடல். கல்வாரியில் நடந்தது விளையாட்டாக இல்லை. கைவிடப்பட்டேன் என்று கதறி, முப்பதுகளின் நடுவே, குற்றவாளியாக ஓர் ஆள் செத்துப்போனார். அதைக் கடவுளின் முகம் என்று சொல்வதுதான் கிறிஸ்தவம்.

இஸ்லாமியருக்கு அது ஏற்க முடியாத பேச்சு. அவமதிப்பினால் அல்ல, மரியாதையினால். அவர்களுடைய குர்ஆனில் மர்யம் பெயரில் ஓர் அத்தியாயமே உண்டு. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். ஈஸா நபி கன்னியிடம் பிறந்ததை அவர்கள் ஏற்கிறார்கள். அவரைச் சிலுவையில் கொன்றுவிட்டார்கள் என்பதை ஏற்க மாட்டார்கள், அவரைக் கடவுளின் மகன் என்பதையும் ஏற்க மாட்டார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் என்னிடம் படித்த ஒரு முஸ்லிம் பிள்ளை. மாதாவைப் பற்றி என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த நாள் அவளுடைய வாங்கில் இடம் வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் இடாப்பில் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டோம். எங்களில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்தச் சமயப் புத்தகத்தில் எங்களுக்கு அப்படி இருக்கச் சொல்லியிருந்தது என்று தெரியவில்லை.

ஒப்பிடுவதானால் சிறந்ததைச் சிறந்ததோடு மட்டுமல்ல, கேவலத்தைக் கேவலத்தோடும் ஒப்பிட வேண்டும். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசல் யாருக்குத் திறக்கும் என்று நடந்த போராட்டத்தைக் கிறிஸ்தவர் சிலர் விரல் நீட்டிப் பேசினார்கள். எங்கள் ஆலயங்களில் வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே யார் எந்த வாங்கில் இருப்பது, யாருடைய வீட்டில் யார் சம்பந்தம் செய்வது என்பதில் வேதாகமத்தைவிட வேறொரு சட்டம் நடந்தது. இதற்கு மேல் இதை விரிக்க மாட்டேன். எல்லோருக்கும் தெரியும்.

இப்போது அந்தக் கந்தசஷ்டித் தோழியிடம் திரும்புகிறேன். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. நானும் நடந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பாடசாலைக் கொட்டிலில் அவளைக் கண்டேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு. வரும் வழியில் எறிகணையில் அவளுடைய ஒரே மகன் போய்விட்டான். எட்டுச் செலவும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை, அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போக வழியில்லை என்று அழுதாள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "கன்மம் பிள்ளை. அவன் எங்கேயாவது நல்ல வயிற்றில் பிறந்திருப்பான்" என்று ஆறுதல் சொன்னார். அவர் நல்ல மனத்தோடு, தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு அவள் என்னிடம், "அவன் பிறப்பான்தான். ஆனால் எனக்கு இனி ஒரு பிள்ளை வேண்டாமடி. எனக்கு அவன்தான் வேணும்" என்றாள்.

மறுபிறப்புக்கும் உயிர்த்தெழுதலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் இரண்டு நிரலாக எழுதியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்கு விளங்கியது. சைவத்தில் உயிர் அழியாது. பல உடம்பெடுத்து, பலருக்கு மகனாகி, கடைசியில் இறைவனடி சேரும். அந்தப் பார்வையில் 'என் மகன்' என்ற ஒட்டே மெல்ல மெல்லக் கழன்று போக வேண்டிய பாசம். பௌத்தம் இன்னும் ஒரு படி போய், பிடித்துக்கொள்வதற்கு அங்கே 'அவன்' என்று நிலையாக ஒன்றும் இல்லை என்று சொல்லும். கிறிஸ்தவம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரன் என்று நினைத்தாள், "மரியாளே" என்று கூப்பிட்டதும்தான் அறிந்தாள். அதே ஆள், அதே காயங்களோடு. எங்கள் நம்பிக்கை இந்த ஒரு பிடிவாதத்தில்தான் தொங்குகிறது.

ஆகவே நான் சொன்னேன். எங்களுடைய நம்பிக்கை அப்படித்தான், அவனே திரும்ப வருவான், வேறொருவன் அல்ல என்று சொன்னேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அவன் உங்கட ஆண்டவரைக் கும்பிட்டவன் இல்லையே. அவனுக்கும் அது உண்டோ?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்குத் திருச்சபை சொன்ன பதில்கள் எனக்குத் தெரியும். கத்தோலிக்கர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தம் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதிருந்தும் நேர்மையாகக் கடவுளைத் தேடுகிறவர்கள் மீட்படையலாம் என்றார்கள். கார்ள் ரானர் என்ற இறையியலாளர் அவர்களுக்குப் 'பெயரறியாக் கிறிஸ்தவர்' என்று பெயர் வைத்தார். கந்தசஷ்டி பிடிக்கிறவளைப் பார்த்து அப்படிச் சொன்னால், "எனக்குப் பெயர் வைக்கச் சொல்லி உன்னை ஆர் கேட்டது?" என்பாள். எங்கள் புரட்டஸ்தாந்துப் பக்கத்தில் இல்லை என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. எங்கள் யாழ்ப்பாணத்து டி. ரி. நைல்ஸ் போதகர், பெரிய இறையியலாளர் கார்ள் பார்த்தைச் சந்தித்த கதையைச் சொல்லியிருக்கிறார். பிற சமயங்கள் வெறும் அவிசுவாசமே என்றாராம் பார்த். எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம் நைல்ஸ். ஒருவரையும் இல்லை. பின் எப்படித் தெரியும்? சந்திக்காமலே தெரியும் என்றாராம். நைல்ஸ் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டாராம். சந்தித்தவருக்குத்தான் கஷ்டம். எனக்கு அந்தக் கொட்டிலில் முன்னால் இருந்தது ஓர் இந்து அல்ல, மோதகம் தந்தவள்.

முப்பது வருடமாக அந்தக் கேள்வியோடு வேதாகமத்தை வாசிக்கிறேன். இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறேன். பொற்கன்றுக்குட்டி செய்த சனத்தை மன்னிக்காவிட்டால் என் பெயரையும் உம்முடைய புத்தகத்திலிருந்து கிறுக்கிப்போடும் என்று மோசே கடவுளோடு மல்லுக்கு நிற்கிறார். தன் இனத்தவருக்காகத் தானே கிறிஸ்துவிடமிருந்து வெட்டுண்டு போகவும் சம்மதம் என்று ரோமருக்கு எழுதுகிறார் பவுல். பிறகு ஒருநாள் மகாபாரதத்தின் கடைசிப் பருவத்தை வாசித்தேன். சொர்க்கத்துக்குப் போன தருமர் அங்கே தம்பிமாரையும் திரௌபதியையும் காணாமல் தேடுகிறார். நரகத்தில் அவர்களுடைய குரல் கேட்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன், நீர் போம் என்று தேவதூதனிடம் சொல்கிறார். அது இறைவன் வைத்த சோதனை என்று கதை பிறகு சமாதானம் சொல்கிறது, அது வேறு. அவர் சொன்ன கணத்தில் சோதனை என்று அவருக்குத் தெரியாது. இவை ஒரே போதனை என்று நான் சொல்ல வரவில்லை. இன்னும் நான் கிறிஸ்தவள்தான், உயிர்த்தெழுதலை நம்புகிறவள்தான். ஆனால் அவளுடைய மகனைப் புறத்தே நிறுத்திவிட்டு எனக்கு மட்டும் தரப்படும் ஒன்றாக அதை என்னால் இனி நினைக்க முடியவில்லை. இது இறையியலாகுமா என்று பெரியவர்கள் சொல்லட்டும்.

அவள் இப்போது மெல்பேணில் இருக்கிறாள். முழங்கால் வருத்தத்தால் விழாவுக்கு வர முடியவில்லை. கந்தசஷ்டி இன்னும் பிடிக்கிறாளாம், தண்ணீர் மட்டும் குடிக்கச் சொல்லி டொக்டர் உத்தரவாம். நூற்றாண்டு மலரில் ஒரு பிரதி அவளுக்கும் தபாலில் போட வேண்டும். விலாசத்தைச் செயலாளரிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன்.